தனியே பறந்து இரண்டாமிடம் வந்த கமலினி

ஒரு போட்டியில் ஒரேயொருவர் கலந்துகொண்டால் அவர்தான் முதலிடம் வருவார் என்று உலகம் நம்புகிறது. கிரெய்கிபர்ன் நகரில் வசிக்கும் கமலினி விக்னராஜா அந்த நம்பிக்கையை இரண்டு வருடம் அடுத்தடுத்துப் பொய்யாக்கியவர். தனக்குத் தானே போட்டியாக நின்று, இரண்டு தடவையும் தோற்றவர்.

நடந்தது இதுதான். விக்ரோறியா மாநிலத்தில் வருடத்துக்கொருமுறை ஏரோபாட்டிக்ஸ் போட்டி நடக்கும். சின்ன விமானத்தில் ஏறி ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடிப்பதும், அதை நிலத்தில் கதிரை போட்டு இருக்கும் நடுவர்கள் அண்ணாந்து பார்த்து, போட்ட வட்டம் வட்டமா அல்லது முட்டையா என்று புள்ளி போடுவதும்தான் போட்டி. இதன் ஆரம்பப் பிரிவில் முதலாவதாக வரும் பெண்ணுக்கு எல்ஸ்பெத் ஹார்கிரீவ் நினைவுக் கிண்ணம் கொடுப்பார்கள். எல்ஸ்பெத் அம்மையார் செம்மறிப் பண்ணைக்காரி. தபால் விமானம் ஓட்டியவர், ஒருநாள் தபாலோடு சேர்த்துத் தலைகீழாகப் பறந்தவர் என்று போட்டியை நடத்தும் பறப்புக் கழகத்தில் பெருமையாகச் சொல்வார்கள். தபால் எங்கே விழுந்தது என்று யாரும் சொல்வதில்லை.

கிண்ணத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முதலாவதாக வந்தாலும் அறுபது வீதம் எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணம் கண்ணாடி அலுமாரியிலேயே இருக்கும். கமலினியோடு போட்டியிட்டிருக்கக்கூடிய ஒரே பெண், கோதுமைப் பண்ணைக்காரர் ஒருவரின் மகள், மேல் பிரிவுக்கு ஏறிப்போய்விட்டாள். மிஞ்சியது கமலினி மட்டும். அவரோ அறுபதுக்கு இரண்டு படி கீழே நின்றார். அடுத்த வருடம் நாலு படி கீழே. முதலிடத்தில் வெற்றிடமும், அதன் கீழே கமலினியும்.

மூன்றாவது வருடமும் அலுமாரி திறபடாவிட்டால் கிண்ணத்தை உள்ளூர் நூதனசாலைக்குக் கொடுத்துவிடுவது என்று கழகம் தீர்மானித்தது. எல்ஸ்பெத் அம்மையார் செம்மறி மயிர் கத்தரிக்கும் பழைய கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில் போய் இருக்கப்போகிறார், அதுவும் தன்னால் என்பதைக் கமலினியால் தாங்க முடியவில்லை.

கமலினி ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுப்பவர். "மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, இப்ப விடுங்கோ" என்று நாள் முழுக்க ஊரார் நெஞ்சுக்குக் கட்டளை போடும் உத்தியோகம். சாவகச்சேரியில் அவர் வளர்ந்த காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கருக்குள் ஓடுவார்கள். கமலினி ஒரு நொடி நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஓடுவார். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறார். நாற்பத்தேழாவது பிறந்தநாளுக்கு ஆஸ்பத்திரித் தோழிகள் அரை மணிநேர விமானச் சவாரிக்கு ஒரு வவுச்சர் வாங்கிக் கொடுத்தார்கள். போனவர் இறங்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

இனி, கணவர். திருவாளர் விக்னராஜா இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் ஆபத்துக் கணிப்பவர். எது எப்போது விழும், எரியும், உடையும் என்று நினைத்து நினைத்துச் சம்பளம் வாங்குபவர். வீட்டில் பல்ப் மாற்ற ஏணியில் ஏறமாட்டார். ஏணியில் ஏறப் போன் செய்து ஆள் கூப்பிடுவார். ஆனாலும் சபைகளில், "எங்கட கமலினி பிளேன் ஓட்டுறா" என்று சொல்லும்போது அவருக்கு நெஞ்சு ஓர் அங்குலம் கூடும். "பயமில்லையோ?" என்று யாரும் கேட்டால், "நேராத்தானே ஓட்டுறா? காரை விட சேஃப்" என்பார்.

நேராக ஓட்டுவதில்லை என்ற விடயத்தைக் கமலினி மறைக்கவில்லை. "அட்வான்ஸ் ட்ரெயினிங்" என்று சொல்லியிருந்தார். அது உண்மை. அந்த அட்வான்ஸ் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. கல்யாணங்கள் நீடிப்பது இப்படித்தான்.

கமலினி தோற்றதற்குக் காரணம் பயமல்ல, வாய். செங்குத்தாக ஏறும்போது விமானத்தைக் கால் சுற்றுச் சுற்றி, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி, பக்கவாட்டில் கவிழ்த்து, மூக்குக்குத்த இறங்கும் ஓர் உருவம் உண்டு; ஒவ்வொரு குட்டிக்கரணத்தையும் அங்கே உருவம் என்பார்கள். சுற்றும் பக்கத்தைப் பொறுத்து வெளியே வரும் திசை மாறும். எவ்வளவு அழகாகச் செய்தாலும் திசை பிழைத்தால் பூச்சியம். உருவங்களின் படம் முன்னால் ஒட்டியிருக்கும். ஆனாலும் கமலினி அந்த இடம் வந்ததும் சத்தமாக யோசிக்கத் தொடங்குவார்: "இடது... பொறு, இப்பத்தானே கவிண்டு எழும்பினனான், அப்ப வலது... இல்லை, அது போன வருசம்." அவர் தன்னோடு வாதாடி முடிக்குமுன் விமானம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். போன வருடம் நடுவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிக நேர்த்தியாக வெளியேறினார்.

அவரைப் பழக்கும் ஜெஸ் என்ற பெண்ணுக்குக் கமலினியின் மகள் வயது. "கமா, உன் வாயை நம்பாதே, கையை நம்பு. நடந்து பழகு," என்று உத்தரவிட்டாள்.

நடந்து பழகுவது என்றால், இந்தப் போட்டியாளர்கள் எல்லோரும் செய்வது. பறக்க முன்னம் தரையில் நின்று, கண்ணைப் பாதி மூடி, ஒரு கையை விமானமாக நீட்டி, எல்லா உருவங்களையும் உடம்பாலேயே ஆடிப் பார்ப்பது. கை ஏறினால் உடம்பு பின்னே சாயும். கை கவிழ்ந்தால் தலை கவிழும். சுழன்றால் ஆளும் சுழல வேண்டும். கமலினி இதைக் குசினியில் அகப்பையோடு ஆடினார். ஆஸ்பத்திரி இருட்டறையில் ஆடினார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கணவர் செயலாளராயிருக்கும் தமிழ் ஒன்றியத்தின் கூட்டம் கோயில் மண்டபத்தில் முடியும்வரை காத்திருந்த நேரத்தில், கோயில் கார் நிறுத்துமிடத்திலும் ஆடினார்.

அங்கேதான் நாகலட்சுமி அன்ரி கண்டார்.

நாகலட்சுமி அன்ரி கோயில் மடைப்பள்ளியின் தொண்டர் படைத் தலைவி. அவர் கண்ணுக்குத் தப்பி அந்தக் கோயிலில் ஒரு வடை வெளியே போனதில்லை. அவர் கண்டது: விரித்த கூந்தல், பாதி மூடிய கண், நடுங்கும் வலக்கை, பின்னால் வளையும் இடுப்பு, ஒரு சுழற்சி, பிறகு "இடது! இல்லை, வலது!" என்ற அதட்டல். அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார்.

கூட்டம் முடிந்து வந்த விக்னராஜாவைப் படியிலேயே மறித்தார்.

"தம்பி, உம்மட மனிசிக்கு எவ்வளவு காலமா வருது?"

"என்ன அன்ரி வருது?"

"அம்மாள் வாறா. நான் என்ர கண்ணால பார்த்தனான். சும்மா இல்லை, நல்ல உக்கிரமா வாறா."

விக்னராஜா சிரிக்கப் பார்த்தார். ஆனால் குசினியில் கமலினி அகப்பையோடு ஆடிய காட்சி ஞாபகம் வந்தது. அன்று அவர் அதை முதுகுப் பிடிப்பு என்று கணித்திருந்தார். இப்போது தொழில் மூளை வேலைசெய்யத் தொடங்கியது.

"அன்ரி, இது எந்த நேரமும் வருமோ?"

"அம்மாள் ரைம் பார்த்தே வாறது?"

"வானத்தில வைச்சு வந்தா?"

அன்ரிக்கு இந்தக் கோணம் தோன்றவில்லை. இருவரும் ஒரு கணம் மேலே பார்த்தார்கள்.

"பிளேனை ஆர் தம்பி பிடிக்கிறது?" என்றார் அன்ரி மெதுவாக.

அன்றிரவு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் விக்னராஜா தொண்டையைச் செருமினார். "கமலி, உமக்கு உடம்புக்குள்ள ஏதும் வித்தியாசமா இருக்கோ?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கிறன். நாளைக்கு எனக்கு ஒரு சோதனை இருக்கு. அதுதான் யோசினை."

"பிளேன் சோதனையோ?"

"ஓம்."

"அப்ப நானும் வாறன்."

கமலினி கறியைக் கிண்டியபடி, இது எங்கே போய் முடியும் என்று யோசித்தார். "நீங்கள் ஏன் மினக்கெடுறீங்கள்?"

"நாகலட்சுமி அன்ரியும் வருவா. நீர் அடுத்து எப்ப பறந்தாலும் வாறன் எண்டவ. ஆசீர்வாதம் பண்ண." வானத்தில் வரும் அம்மாளைத் தரையிலேயே சாந்தப்படுத்திவிடுவது என்பது அவர்களின் திட்டம். இன்சூரன்ஸ் பாசையில் இதை முன்தடுப்பு என்பார்கள்.

சனிக்கிழமை காலை மூவரும் காரில் வடக்கே நெடுந்தூரம் ஓடி, கோதுமை வயல்களுக்கு நடுவில் ஒரு புல்வெளி விமானத் திடலில் இறங்கினார்கள். கமலினி காரை விட்டிறங்கி நேரே விமானக் கொட்டகைக்குப் போய்விட்டார். அன்ரி ஒரு பெரிய பையோடு இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார்.

புல்வெளி முழுக்க வெள்ளைக்காரர். ஆளுக்கொரு மூலையில், கண்ணைப் பாதி மூடி, கையை நீட்டி, சாய்ந்து, வளைந்து, சுழன்றுகொண்டு. ஆறடி உயரத் தாடிக்காரக் கோதுமைக் கமக்காரர் ஒருவர் குந்தி எழும்பிப் பின்னால் வளைந்தார்.

"தம்பி," என்றார் அன்ரி, மறுபடியும் செருப்பைக் கழற்றியபடி. "இஞ்ச எல்லாருக்கும் வந்திருக்கு!"

விக்னராஜாவின் கண் அங்கே இல்லை. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு விமானம் வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு போனது. கடமை தவறாதவர் என்பதால், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஓடினார். அது ஜெஸ்.

"அந்த விமானத்துக்கு ஏதோ பழுது! ஆருக்காவது சொல்லுங்கள்!"

"பழுதா? இன்று காலை பறந்ததில் அதுதான் நல்லது," என்றாள் ஜெஸ். "உங்கள் மனைவி அதைவிடத் துப்புரவாகச் செய்வா. திசை மட்டும் பிழைக்காவிட்டால்."

விக்னராஜா புல்லில் இருந்தார். கால் நீட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார். ஐந்து வருடமாகத் தான் சபைகளில் பேசிய பேச்செல்லாம், அந்த விமானத்தோடு சேர்ந்து, அவர் தலைக்கு மேலே கவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

கமலினி பறக்கும் உடுப்போடு வந்து பக்கத்தில் குந்தினார். "இஞ்சாருங்கோ. சொல்லியிருக்கவேணும், தெரியும்."

"எவ்வளவு நேரம் தலைகீழா?"

"விட்டு விட்டுத்தான்."

"கமலி, இதை விட்டிடும். வீட்டை போவம்."

"இண்டைக்கு விட்டா அந்தக் கிண்ணம் நூதனசாலைக்குப் போயிடும். ரெண்டு வருசம் தனியா நிண்டு தோத்தனான். இந்த ஒருக்கா பறக்க விடுங்கோ. பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறன்."

கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் கமலினி இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லி அவர் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே தலையாட்டிவிட்டார்.

ஆசீர்வாதப் படலம் தொடங்கியது. அன்ரி கற்பூரத்தை எடுத்தார். பெற்றோல் தாங்கி இருக்கும் இடத்தில் நெருப்பா என்று ஜெஸ் பாய்ந்து பறித்தாள். சில்லுக்கு அடியில் வைத்து ஏற்றி நசுக்க நாலு தேசிக்காய் எடுத்தார். புதுக் கார் வாங்கினால் நாமெல்லாம் செய்வதுதான். ஜெஸ் அதையும் தடுத்தாள். திருநீற்றுச் சரையைக் கண்டதும், "இது தூளா?" என்று கேட்டாள். தலைகீழாகும்போது தூளெல்லாம் கண்ணுக்குள் வரும், ஒரு குண்டூசிகூட உள்ளே சும்மா கிடக்கக்கூடாது, உருண்டுபோய் எங்காவது இறுகினால் விமானம் திரும்பாது என்று விளக்கினாள். கமலினியின் சட்டைப் பைகளைக் கவிழ்த்துக் காட்டச் செய்தாள். முடிவில், ஈரமான சந்தனப் பொட்டு ஒன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

பரசூட்டும் வார்ப்பட்டிகளுமாகக் கமலினி ஆசனத்தில் கட்டுண்டு இருந்தார். அன்ரி கதவுக்குள் தலையை விட்டு நெற்றியில் சந்தனத்தை வைத்தார். அம்மாளுக்கு ஒரு தேசிக்காய்கூட இல்லாமல் அனுப்புவதா என்று அவர் மனம் கேட்கவில்லை. கட்டியணைப்பது போலக் குனிந்து, பின் ஆசனத்தின் மூலைக்குள் ஒன்றைச் செருகிவிட்டார். விமானம் உறுமிக்கொண்டு ஓடி எழும்பியது.

முதல் வட்டம் வட்டமாகவே வந்தது. அடுத்த உருவமும் சுகம். மூன்றாவது, விமானத்தை மெதுவாக உருட்டுவது. பாதி உருண்டு தலைகீழானபோது கமலினியின் காதுக்குப் பக்கத்தால் மஞ்சளாக ஒன்று சாவதானமாக மிதந்து வந்து, மூக்குக்கு முன்னால் நின்றது.

ஒரு தேசிக்காய்.

விமானம் நிமிர்ந்ததும் அது மடியில் விழுந்தது. கமலினி அதை இடக்கையால் அமுக்கிப் பிடித்து, செட்டையை மூன்றுதரம் ஆட்டினார். நான் இடைநிறுத்துகிறேன் என்று நடுவர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது. புள்ளி வெட்டுவார்கள். ஆனாலும் உள்ளே ஒன்று உருளும்போது நிறுத்தத்தான் வேண்டும்.

ரேடியோவில் பாதுகாப்பு அதிகாரி கேட்டார்: "என்ன பிரச்சினை?"

"உள்ளே ஒரு பொருள் கழன்று கிடந்தது. பிடித்துவிட்டேன்."

"என்ன பொருள்?"

"தேசிக்காய்."

அதிகாரி பக்கத்தில் நின்றவரிடம் "என்னது?" என்று கேட்பது ரேடியோவில் கேட்டது. அந்தத் திடலின் சரித்திரத்தில் அப்படியொரு சொல் ரேடியோவில் வந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"...பத்திரப்படுத்த முடியுமா? இல்லாவிட்டால் இறங்கு."

இறங்கினால் கிண்ணம் போச்சு. சட்டைப் பைகள் எல்லாம் பரசூட் பட்டிகளுக்குள். இடக்கைக்கு எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும் வேலை. வலக்கை விமானத்தைப் பிடித்திருக்கிறது. யன்னலால் எறியலாம், ஆனால் கீழே நடுவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கமலினி எக்ஸ்றே அறையில் சொல்வதைத் தனக்கே சொன்னார்: மூச்சை இழு, பிடி. பிறகு, "பத்திரம்," என்று ரேடியோவில் அறிவித்துவிட்டு, தேசிக்காயை வாய்க்குள் வைத்துக் கவ்விக்கொண்டார்.

அடுத்ததுதான் அந்தப் பழைய எதிரி. விமானம் செங்குத்தாக ஏறியது. கமலினியின் மூளை வழக்கம்போல, இடது, பொறு, என்று தொடங்கியது. வாய் ஒத்துழைக்கவில்லை. "ம்ம்" என்றொரு சத்தம் மட்டும் வந்தது. ஆள் இல்லாத விவாதமேடையில் கை தன்பாட்டுக்குத் திரும்பியது, குசினியில் அகப்பையோடு திரும்பிய அதே பக்கம். உச்சியில் ஒரு கணம் நின்று, கவிழ்ந்து, இறங்கி, நடுவர்களுக்கு நேரே முகம் காட்டிக்கொண்டு வெளியே வந்தது விமானம். மிச்ச உருவங்களையும் புளிப்போடு முடித்து, கடைசி வட்டத்தைப் போட்டு வெயில் சாயும் பக்கம் வெளியேறினார்.

விமானம் தரையிறங்கி நின்றது. கதவு திறந்தது. நாகலட்சுமி அன்ரி கண்டது: சிவந்த கண், விரிந்த கூந்தல், நெற்றியில் வழிந்த சந்தனம், வாயில் கவ்விய தேசிக்காய். இதற்குமேல் ஒரு சாட்சி வேண்டுமா? அன்ரி புல்லில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

கமலினி தேசிக்காயை எடுத்தார். "ஆர் இதை உள்ளுக்கு வைச்சது?"

"நான்தான் தாயே. பொறுத்துக்கொள்."

"அன்ரி, நான் செத்திருப்பன்!"

"நீ சாவியோ தாயே? உனக்கு ஏது சாவு?" அன்ரி எழும்பாமலே கேட்டார். "என்ர பிரசன்னாவுக்கு முப்பத்தெட்டு முடிஞ்சுது. பொம்பிளை எந்தத் திசையில எண்டு சொல்லு."

அதே நேரம் ஜெஸ் மூச்சிரைக்க ஓடிவந்து, "கமா! கடைசியில் எந்தத் திசையால் வெளியேறினாய்?" என்று கேட்டாள்.

"வெஸ்ட்!" என்றார் கமலினி.

அன்ரி அந்தத் திருவாக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புள்ளிகள் வெளிவர மத்தியானமாகிவிட்டது. தேசிக்காயால் நியாயமற்ற அனுகூலம் கிடைத்ததா என்று தாடிக்காரர் ஒரு கேள்வி எழுப்பினார். தலைமை நடுவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், சட்டத்தை ஊன்றிப் படித்துவிட்டு, வாயில் பழம் வைத்திருப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை, இடைநிறுத்தியதற்குப் புள்ளி வெட்டியாயிற்று என்று தீர்ப்பளித்தார். வெட்டியது போக மிஞ்சியது அறுபதைத் தாண்டி ஒரு புள்ளியும் கொஞ்சமும். அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடி எடுப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

கிண்ணம் சின்னது. மரக்கறிச் சொதி ஊற்றினால் ஒருவருக்குக் காணும். கமலினி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணவரிடம் வந்தார். "சொன்னனான்தானே. இனி நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறன். நிப்பாட்டட்டோ?"

விக்னராஜா கிண்ணத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்தார். "இதை அடுத்த வருசம் திருப்பிக் குடுக்கவேணுமோ?"

"திரும்பவும் வெண்டா வைச்சிருக்கலாம்."

"அப்ப நிப்பாட்டினா நட்டமெல்லோ," என்றார் ஆபத்துக் கணிப்பவர்.

ஒன்றியம் ஒரு பாராட்டு விழா எடுத்தது. செயலாளர் என்ற முறையில் விக்னராஜாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெண்ணின் பெருமை பற்றி ஏழு ஆண்கள் பேசினார்கள். கமலினிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தது, அதிலும் ஒன்றில் மைக் வேலை செய்யவில்லை. விழா முடிவில் ஒருவர் விக்னராஜாவைக் கேட்டார்: "அவ தலைகீழா ஓட்டுறாவாமே, உண்மையோ?"

"நேரா ஆரும் ஓட்டலாம்," என்றார் விக்னராஜா.

நாகலட்சுமி அன்ரி இப்போது நாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் பேர்த்தில் பெண் தேடுகிறார். பல் பதிந்த தேசிக்காய் அவர் சாமியறையில் உப்புக்குள் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் அவரும் திடலுக்கு வருவார், தாயார் வானத்தில் இருப்பதைத் தரிசிக்க.

விக்னராஜாவும் வருவார். கமலினி ஏறமுன் கையில் டோர்ச்சோடு விமானத்துக்குள் தலையை விட்டு, ஆசனத்தின் ஒவ்வொரு மூலையாகத் துழாவுவார். விமானி தயார் என்று ஜெஸ் சொன்னாலும் அவர் சொல்லும்வரை எஞ்சின் ஓடாது. துழாவி முடிந்ததும் கதவடியில் நிற்கும் நாகலட்சுமி அன்ரியின் பக்கம் திரும்புவார்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. ஹாண்ட்பாக்கைத் திறவுங்கோ."